துஷ்யந்தன் போட்ட கையெழுத்து

மனைவி அஜந்தா எழுதிக் கொடுத்த பிரெஞ்சு வசனத்தின் பின்பாதியை எண்ணெய் குடித்துவிட்டது.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் அறையில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த கதிரையில், முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட உட்கார்ந்தபடி, துஷ்யந்தன் அந்தத் துண்டுச் சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவன் சமையல்காரன். காலையில் உளுந்து வடை போட்ட கையோடு ஓடி வந்திருந்தான். "என் மகளை" என்பது வரைக்கும் வாசிக்க முடிந்தது. அதற்கு மேல் வடைதான் இருந்தது.

"என் மகளை..." என்றான் பிரெஞ்சில்.

மதாம் பெர்த்தியே கண்ணாடிக்கு மேலால் பார்த்தபடி காத்திருந்தார். அறுபதை நெருங்கிய, மெலிந்த, அவசரமே இல்லாத மனுசி.

"என் மகளை..." என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, கொண்டுவந்த படிவத்தை மேசையில் வைத்தான்.

மிச்சத்தைப் படிவம் சொன்னது. பாரிஸில் நீங்கள் எந்த வீதியில் குடியிருக்கிறீர்களோ, அந்த வீதிக்கென்று குறித்த அரசுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் உங்கள் பிள்ளை போகலாம். வேறொன்று வேண்டுமென்றால் காரணம் எழுதி, இப்போதைய தலைமையாசிரியையின் ஒப்பம் வாங்கி, மேரிக்கு, அதாவது நகரசபைக்கு, விண்ணப்பிக்க வேண்டும். ரூ பிலிப்-து-ஜிரார் வீதியில் மூன்றாம் மாடியில் குடியிருந்த மகள் ஆர்த்திகாவை ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையப் பக்கமிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அஜந்தாவின் முடிவு. அங்கே பியானோ படிப்பிக்கிறார்களாம். இங்கே ஆர்த்திகாவின் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், பதினொரு பாஷைகள்.

"பிரெஞ்சு பன்னிரண்டாவது" என்பாள் அஜந்தா.

அவளுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை. ஆனால் தலைமையாசிரியை பெற்றோரைச் சந்திப்பது செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும்; அஜந்தாவின் தொலைபேசி எட்டரைக்கே அடிக்கத் தொடங்கிவிடும்.

மதாம் பெர்த்தியே படிவத்தை வாசித்தார். புன்னகைத்தார். பிறகு பத்து நிமிடம் பேசினார். அதில் "மேரி", "மார்ச் மாதம்", "பெற்றோர்", "நீங்கள்" ஆகிய நான்கும் துஷ்யந்தனுக்குப் பிடிபட்டன. மற்றவற்றுக்கெல்லாம் அவன் "உய்", அதாவது "ஆம்", என்றான். பாரிஸுக்கு வந்த பதினாறு வருடத்தில் வதிவிட அட்டை, வீடு, வேலை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எடுத்திருந்தான்.

"உறுதிதானே?" என்று கடைசியாகக் கேட்டார்.

"உய், உய்."

ஒரு தாளை நீட்டி, கீழே விரல் வைத்துக் காட்டினார். துஷ்யந்தன் கையெழுத்துப் போட்டான். அவர் எழுந்து இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். விண்ணப்பம் கொடுக்க வந்த ஆளுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவனுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

வெளியே வந்து அஜந்தாவுக்குப் போன் அடித்தான்.

"முடிஞ்சுது."

"சொன்ன மாதிரியே வடிவாச் சொன்னனீங்களோ?"

"ஓம், எல்லாம் சொன்னனான்."

ஐந்து கிழமை கழித்து, ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கடை முதலாளி செபஸ்டியன் அண்ணை கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி குசினிக்குள், அடுப்பு வரைக்கும் வந்தார்.

"டேய், நீ எலெக்சன் கேட்டனியோ?"

"என்ன எலெக்சன் அண்ணை?"

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. கொத்து ரொட்டி வாங்க வந்த ஆள் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுது. பாரடா."

பள்ளிக்கூட வாசல் கதவின் படம். கதவில் ஒரு அறிவித்தல். பள்ளிக்கூட ஆலோசனைச் சபைக்குத் தெரிவான பெற்றோர் பிரதிநிதிகள் ஒன்பது பேர். ஏழாவது பெயர் அவனுடையது. எழுத்துப் பிழைகூட இல்லை.

அஜந்தா படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா இது? வெளிக்கிட வழி கேக்க அனுப்பினா, உள்ளுக்கை போய்க் குந்திட்டு வந்திருக்கிறியள்!"

"நான் கையெழுத்துத்தான் போட்டனான்."

"எதிலை?"

"தாளிலை."

"என்ன தாள்?"

அவன் யோசித்துப் பார்த்தான். "வெள்ளைத் தாள்."

புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்த தமக்கை ஷிரோமிக்கு அஜந்தா ஏற்கெனவே செய்தி சொல்லியாயிற்று. ஆர்த்திகா இனிப் பியானோப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள் என்று அந்தப் பக்கச் சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை போங்கோ. 'என்னாலை ஏலாது' எண்டு சொல்லுங்கோ. பிரெஞ்சிலை நாலு சொல்லுத்தான். பாடமாக்குங்கோ."

செவ்வாய்க்கிழமை துஷ்யந்தன் போனான். இந்த முறை சீட்டு இல்லை. நான்கு சொல்லும் நெஞ்சில் இருந்தன. "என்னால் முடியாது, மதாம்" என்று பிசகில்லாமல் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். காரணம் சொல்லாமல் வந்தால் மரியாதையில்லை என்று நினைத்து, "கடை. மத்தியானம் வேலை. பின்னேரம் வேலை" என்றும் சேர்த்தான்.

மதாம் பெர்த்தியேயின் முகம் உருகிப்போனது. "உங்களுக்கு எந்த நாள் ஓய்வு?"

"திங்கள்" என்றான். கேட்டதற்கு உண்மை சொல்லிப் பழகிய நாக்கு.

வெள்ளிக்கிழமை ஆர்த்திகாவின் கொப்பியில் ஒரு கடிதம் ஒட்டி வந்தது. அஜந்தா அதைச் சத்தமாக வாசித்தாள். "சமையல்காரராக வேலை செய்யும் மிஸ்யூ துஷ்யந்தனின் வேலை நேரத்தைக் கருத்தில் கொண்டு, இந்த வருடத்துச் சபைக் கூட்டங்கள் எல்லாம் செவ்வாயிலிருந்து திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளன."

"ஆர் ஆருக்கு மாத்தினது?" என்று துஷ்யந்தன் கேட்டான்.

"ஒன்பது வாத்திமாருக்கும், ஒன்பது தாய் தேப்பனுக்கும், மேரியிலை இருந்து வாற ஆளுக்கும். உங்களுக்காக."

இனிப் போகாமல் இருக்க முடியாது.

நவம்பரில் முதல் கூட்டம். நூலக அறையில் சின்னக் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. மேரியின் கல்விப் பொறுப்பாளர் கழுத்துப் பட்டியோடு, வீதி துப்புரவு செய்யும் மதாம் கூலிபாலிக்குப் பக்கத்தில், அதே மாதிரிச் சின்னக் கதிரையில், அதே மாதிரி முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார். துஷ்யந்தனுக்குப் பக்கத்தில் வந்தவர் நல்லசிவம். கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனமொன்றில் வேலை, அவரும் பிரதிநிதி.

"டென்ஷன் ஆகாதீங்கண்ணா. நான் ட்ரான்ஸ்லேட் பண்றேன். நீங்க சும்மா தலையாட்டுங்க."

"தலையாட்டித்தான் தம்பி இஞ்சை வந்து நிக்கிறன்."

மதிய உணவைப் பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளைகள் பருப்பைத் தொடுவதில்லையாம். சட்டி சட்டியாகக் குப்பைக்குப் போகிறதாம். நல்லசிவம் கையைத் தூக்கி, இவர் செஃப் என்று சொல்லிவிட்டார். பத்தொன்பது முகங்கள் துஷ்யந்தன் பக்கம் திரும்பின.

"என்ன சொல்லுறது தம்பி?"

"தோணுறத சொல்லுங்கண்ணா."

"பருப்பைக் குழைய விட்டால் பிள்ளை தொடாது. கரண்டியிலை ஒட்டாத பதத்திலை இறக்கோணும். உப்பு கடைசியிலை. வெங்காயத்தைப் பொன்னிறமா வதக்கி மேலாலை கொட்டோணும். வேறை ஒண்டும் இல்லை."

நல்லசிவம் மொழிபெயர்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கழுத்துப் பட்டிக்காரர் பேனாவைத் திறந்தார்.

"வெங்காயம் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

துஷ்யந்தன் அந்தப் பேனாவைப் பார்த்தான். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் உடைந்த யன்னலுக்கு ஒரு கொளுக்கி போடக்கூடக் கொழும்பிலிருந்து கடிதம் வர வேண்டும். கடிதம் வரவே இல்லை. அவன் படித்து முடித்து வெளியேறியபோதும் அந்த யன்னலைக் கயிற்றால்தான் கட்டியிருந்தது. இங்கே ஒரு அரசாங்கம் வெங்காயம் வதக்கும் நேரத்தை அவனிடம் கேட்டு எழுதுகிறது.

"பத்து நிமிசம்" என்றான். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "சின்ன நெருப்பிலை."

கூட்டக் குறிப்பு அச்சில் வந்தது. நல்லசிவம் விரல் வைத்துக் காட்டினார். "பாருங்கண்ணா, 'மிஸ்யூ துஷ்யந்தன் சுட்டிக்காட்டினார்'னு போட்டிருக்காங்க."

"சுட்டிக்காட்டினாரோ?"

"ஆமா. கவனத்துக்குக் கொண்டுவந்தார்ங்கிற மாதிரி."

துஷ்யந்தன் அந்தத் தாளை மடிக்க மனமில்லாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

மார்கழி நடுவில் ஒருநாள் ஆர்த்திகா புத்தகப் பையைக் கழற்றும்போதே பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். அஜந்தா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னவாம்?" என்றான் துஷ்யந்தன்.

"பருப்பு நல்லா இருந்ததாம். எல்லாரும் ரெண்டாந்தரம் கேட்டவையாம். மேலாலை வெங்காயம் போட்டிருந்ததாம்."

துஷ்யந்தன் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

மாசியில் அந்தச் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்களாம். வருகிற புரட்டாதியில் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகளாவது இல்லாவிட்டால் கல்வி அலுவலகம் ஒரு வகுப்பை மூடும். ஒரு ஆசிரியர் போவார். மிச்சப் பிள்ளைகளை எட்டு வகுப்புக்குள் அடைக்க வேண்டும். இப்போதுள்ள கணக்குப்படி நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"ஏழு பிள்ளை" என்றார் மதாம் பெர்த்தியே அவசரக் கூட்டத்தில். "இந்த வீதிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் வேறு பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்கு நான் எழுதும் கடிதத்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால்தான் பக்கத்து வீட்டுக்காரர் நம்புவார்."

மதாம் கூலிபாலி இரண்டு பிள்ளைகளைத் தான் கொண்டுவருவதாகச் சொன்னார். பிறகு எல்லாரும் துஷ்யந்தனைப் பார்த்தார்கள். லா சப்பலில் அவன் கையால் சாப்பிடாத தமிழ்க் குடும்பம் கிடையாது.

அந்த நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்குள் ஆர்த்திகாவும் ஒருத்தி. அவள் வெளிக்கிடுவதற்கான விண்ணப்பம் இதே கட்டடத்தில், இதே மனுசியின் கையில் கொடுத்தது. மார்ச்சில் அது மேரிக்குப் போகும். துஷ்யந்தன் எழுந்து சொல்லிவிட நினைத்தான். எழுந்தும்விட்டான். எழுந்து நின்றவனைப் பார்த்து மதாம் பெர்த்தியே கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"சூப்பர்ணா! அஞ்சு பிள்ளைங்கள நீங்க பாத்துக்கறீங்கன்னு எழுதிக்கிட்டாங்க" என்றார் நல்லசிவம்.

வீட்டில் அஜந்தா காது கொடுக்கவில்லை. "நீங்கள் உங்கடை சபையைப் பாருங்கோ. பிள்ளை பியானோவுக்குப் போறது போறதுதான்."

அப்படியாகத் துஷ்யந்தன், தன் பிள்ளையை எடுக்கப் போகிற பள்ளிக்கூடத்துக்கு ஊரார் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினான்.

கொத்து ரொட்டி கட்டிக் கொடுக்கும்போது சொன்னான். தேங்காய் திருவும்போது சொன்னான். முதலில் பொய்யாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். சொல்லச் சொல்ல ஒன்றும் பொய்யாக இல்லை என்று தெரிந்தது. வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் பாஷையில் காலை வணக்கம் சொல்லப் பழகி வைத்திருந்தார். ஆர்த்திகாவுக்கு அவர் சொல்லும் "வணக்கம்" பிழையில்லாமல் இருந்தது. சபையில் நீங்கள் ஒன்று சொன்னால் எழுதுகிறார்கள். எழுதினால் செய்கிறார்கள். பருப்பே சாட்சி.

எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உங்கடை பிள்ளையும் அங்கைதானே?"

"ஓம்" என்பான், அடுப்பைப் பார்த்தபடி.

சித்திரைக்குள் மூன்று பிள்ளைகள் பதிந்தாயிற்று. மிச்சம் இரண்டு. அந்த இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. மீன்கடை இஞ்ஞாசிக்கு இரட்டைப் பையன்கள், ஐந்து முடிந்து ஆறு. இஞ்ஞாசி லேசில் மடங்குகிற ஆள் இல்லை.

"துஷ்யந்தன், நான் பள்ளிக்கூடத்தை நம்பேல்லை. உன்னைத்தான் நம்புறன். உன்ரை மகள் அங்கை படிக்குமட்டும் என்ரை ரெண்டும் படிக்கும். அவள் போனாளெண்டால் அண்டைக்கே இதுகளையும் இழுத்துக்கொண்டு போவன். சரியோ?"

"சரி" என்றான். ஆர்த்திகா போனால் இனி ஒன்று குறையாது, மூன்று குறையும்.

மார்ச் வந்து போயிருந்தது. மதாம் பெர்த்தியேயிடம் விண்ணப்பத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு அது நினைவு வந்துவிடும். அஜந்தா கேட்டபோதெல்லாம், "மேரியிலை பார்த்துக்கொண்டிருக்கினம்" என்றான்.

ஆனி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோருக்கு வகுப்பைத் திறந்து வைத்தார்கள். பிரதிநிதியின் மனைவி வராவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி, அரைநாள் லீவு போட வைத்து, அஜந்தாவைக் கூட்டிக்கொண்டு போனான்.

வாத்தியார் பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். முன்னால் மேசையில் ஆர்த்திகா இருந்தாள். அன்றைக்குப் பிள்ளைகளின் வகுப்புச் சபை, அவள்தான் தலைவி. பந்து விளையாடும் இடத்தைக் கிழமையில் இரண்டு நாள் சின்ன வகுப்புக்கு விட்டுக்கொடுப்பதா என்பது விவாதம். இருபத்திரண்டு பேரும் கை உயர்த்தி, முறை வரும்வரை காத்திருந்து பேசினார்கள். ஒரு பையன் இடையில் பாய்ந்தான்.

"நிறுத்து. ஃபாத்து இன்னும் முடிக்கவில்லை. அவள் முடித்த பிறகு உனக்குத் தருகிறேன்" என்றாள் ஆர்த்திகா. தெளிவான, அமைதியான பிரெஞ்சு. பையன் உட்கார்ந்தான்.

ஃபாத்துவுக்குச் சொல் வரவில்லை. அவள் வந்து மூன்று மாதம்தான். வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. ஒருவர்கூடச் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. சொல் வந்தது. "சின்னவர்களும் ஓட வேண்டும்" என்றாள் ஃபாத்து. வாக்கெடுப்பு நடந்தது. பதினாறுக்கு ஆறு. இடம் சின்னவர்களுக்கு.

அஜந்தா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தெருவுக்கு வந்து, பாலம் வரைக்கும் நடந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"நான் எட்டு வருசமா அந்த ஒபிசிலை இருக்கிறன். ஒருநாள் ஒரு மீற்றிங்கிலை கை உயர்த்தினது கிடையாது."

பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவள் வீட்டிலை வாயே திறக்கிறேல்லையேப்பா."

"வீட்டிலை நீர் தலைவியெல்லே."

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விண்ணப்பத்தைத் திருப்பி எடுங்கோ. நாளைக்கே எடுங்கோ."

"ஷிரோமியக்காவுக்கு என்ன சொல்லுறது?"

"பியானோ பழுதாப் போச்சுதாம் எண்டு சொல்லுவம்."

எடுப்பது அவ்வளவு சுகமான வேலையாக இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போனான். மதாம் பெர்த்தியே அவனை வாசலிலேயே பிடித்து, வந்திருந்த இன்னொரு பெற்றோரிடம், "இவர்தான் நான் சொன்ன மிஸ்யூ துஷ்யந்தன். ஐந்து பிள்ளைகள்!" என்று அறிமுகப்படுத்தினார். அப்படிச் சொல்கிறவரிடம், நான் என் பிள்ளையை வேறு இடத்துக்குக் கொண்டுபோகக் கேட்டிருந்தேனே, அந்தத் தாள் எங்கே என்று எந்த வாயால் கேட்பது? அடுத்த செவ்வாயும் போனான். கோப்பி கொடுத்தார். அதற்கடுத்த செவ்வாய் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டது.

அந்தக் கோடை முழுவதும் துஷ்யந்தன் தபால் பெட்டியை ஒருநாளைக்கு மூன்று தரம் திறந்து பார்த்தான். மேரியிலிருந்து ஒரு கடிதம் வரும். "உங்கள் வேண்டுகோள் மகிழ்ச்சியோடு ஏற்கப்பட்டது" என்றிருக்கும். ஆர்த்திகாவின் பெயர் இங்கே வெட்டப்பட்டு அங்கே எழுதப்படும். இஞ்ஞாசி இரண்டு பையன்களையும் இழுத்துக்கொண்டு போவான். வகுப்பு மூடும். காரணம் யார் என்று கூட்டக் குறிப்பில் அச்சில் வரும்: மிஸ்யூ துஷ்யந்தன்.

கடிதம் வரவில்லை. வராததுதான் கூடப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் காலை, வடை மாவைச் செபஸ்டியன் அண்ணையிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினான். கல்வி அலுவலகத்திலிருந்து நீலக் கோப்போடு ஓர் அதிகாரி வந்திருந்தார். பிள்ளைகளைத் தலை தலையாக எண்ணுவதற்கு. பிரதிநிதிகள் ஒன்பது பேரும் நடைகூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரி ஒவ்வொரு வகுப்பாகப் பெயர் கூப்பிட்டார். ஆர்த்திகாவின் பெயர் வந்தபோது துஷ்யந்தன் சுவரில் சாய்ந்தான். பெயர் இருக்கிறது! ஏதோ புண்ணியம்.

கடைசியில் முதலாம் ஆண்டு. இரண்டு பிரிவு. முதல் பிரிவில் எண்ணி முடித்து, இரண்டாம் பிரிவுக்குள் போனவர் இஞ்ஞாசியின் மகனுக்கு முன்னால் நின்றார். பேனா நின்றது.

"இந்தப் பையனைப் பக்கத்து வகுப்பில் இப்போதுதான் எண்ணினேன்."

"இல்லை. இரட்டையர்கள்" என்றார் மதாம் பெர்த்தியே.

"மதாம், நான் இருபது வருடமாக எண்ணுகிறேன். பின்கதவால் பிள்ளையை ஓடவிட்டு இரண்டு தரம் எண்ண வைப்பது எனக்குப் புதிதில்லை." பக்கத்து வகுப்புக் கதவைத் திறந்து பார்த்தார். அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. "பார்த்தீர்களா?"

"அவன் ஒன்றுக்குப் போனான்" என்றது ஒரு பிள்ளை.

"அப்படித்தான் சொல்வீர்கள்" என்ற அதிகாரி கோப்பில் எழுதினார். "நூற்றுத் தொண்ணூற்றேழு."

மதாம் கூலிபாலி கத்தினார். நல்லசிவம் சட்டம் பேசினார். துஷ்யந்தன் ஓடினான். கழிப்பறையில் பையன் இல்லை. முற்றத்தில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக் குசினி வாசலில், வெங்காயம் வதங்குகிற மணத்துக்கு மூக்கைத் தூக்கியபடி நின்றான். அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு படியேறி வந்து, தம்பிக்குப் பக்கத்தில் இறக்கி நிறுத்தினான். ஒரே முகம், ஒரே சட்டை, இரண்டு பேருக்கும் அதே முன்பல் இல்லை.

பதினேழு வருடமாக "உய்" மட்டும் சொன்ன வாயிலிருந்து முதல் முறையாக, யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு முழுப் பிரெஞ்சு வசனம் இடி மாதிரி வந்தது.

"மிஸ்யூ! இவர்கள் இரண்டு பேர்! எழுதுங்கள்!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார். இரண்டு தலையிலும் பேனா முனையால் தொட்டுப் பார்த்தார்.

எழுதினார்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

நடைகூடத்தில் எழுந்த சத்தத்தில் ஒன்பது வகுப்புக் கதவும் திறந்துகொண்டன. மதாம் கூலிபாலி அவனைத் தூக்கியேவிட்டார். வாத்தியார்கள் அழுதார்கள். ஒரு சமையல்காரன், ஒரு வீதித் துப்புரவுத் தொழிலாளி, ஒரு கணினிக்காரர். இவர்கள் சேர்ந்து ஒரு வகுப்பை அரசாங்கத்தின் கையிலிருந்து பறித்துவிட்டார்கள். துஷ்யந்தனுக்கு நடந்ததை நம்ப முடியவில்லை. கதவு வழியாகத் தெரிந்த கரும்பலகையை, குட்டிக் குட்டிக் கதிரைகளை, ஏதோ கோயிலுக்குள் நிற்கிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

எல்லாரும் போன பிறகுதான் அந்தத் தாள் நெஞ்சைக் குத்தியது. அது எங்கேயோ இருக்கிறது. யார் கண்ணிலாவது பட்டால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வாசலில் காவலாளி மதாம் ரோசா சாவிக்கொத்தோடு நின்றார். பள்ளிக்கூடத்து அலுமாரிகள் எல்லாவற்றுக்கும் சாவி அவரிடம்தான். துஷ்யந்தன் குரலைத் தாழ்த்தினான். தெரிந்த பிரெஞ்சு எல்லாவற்றையும் கூட்டி அள்ளிச் சொன்னான். போன வருடம். நான் முட்டாள். என் மகளை இங்கேயிருந்து எடுக்க ஒரு படிவம் கொடுத்தேன். மேரிக்குப் போயிருக்கும். போகாவிட்டால், தயவு செய்து, மற்றவர்கள் பார்க்க முதல் கிழித்துவிடுங்கள்.

"மேரிக்குப் போகவில்லை" என்றார் மதாம் ரோசா. "மார்ச்சில் நீங்கள் திரும்பி வந்து கேட்டால்தான் அனுப்புவேன், அதுவரைக்கும் பெற்றோர் பிரதிநிதியாக இருந்து பாருங்கள் என்று மதாம் அன்றைக்கே உங்களுக்கு விளக்கமாகச் சொன்னாராமே. நீங்களும் 'உய்' என்றீர்களாம்."

துஷ்யந்தனின் காது சூடாகியது. "மற்றப் பிரதிநிதிகளுக்கு இது தெரிய வேண்டாம், மதாம் ரோசா. கூலிபாலி, நல்லசிவம்... அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

மதாம் ரோசா சாவியால் கதவைப் பூட்டியபடி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மிஸ்யூ துஷ்யந்தன், இந்த ஒன்பது பேரில் வெளியே போகப் படிவம் கொண்டுவராத ஆள் ஒருவர்கூட இல்லை, மதாம் ஆள் பிடிப்பதே அந்தப் படிவக் கட்டிலிருந்துதான்."